"படித்துச் சம்பாதித்தால் யாரும் ஒதுக்கமாட்டார்கள்" என்று பிள்ளையிடம் சொல்வதற்கு முன்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் ரப்பர் பால்மரம் சீவிய எங்கள் பெற்றோர், "நல்லா படிச்சு நாலு காசு சேர்த்துட்டா எவனும் உன்னை ஏளனமா பேசமாட்டான்" என்று சொல்லித்தான் எங்களைப் பள்ளிக்கு அனுப்பினார்கள். எங்களைக் கரையேற்றிய சொல் அது. ஆயினும் அதன் பின்பாதியை அப்படியே நம்பி வளரும் பிள்ளை, முதன்முறை ஒதுக்கப்படும்போது குறை தன்னிடம்தான் இருக்கிறது என்று எண்ணிக்கொள்கிறது.

என் அண்ணன் மகன் பொறியாளர். கோலாலம்பூரில் வாடகை வீடு தேடியபோது முகவருக்கு வாட்ஸ்அப்பில் மலாயில் எழுதினான். காலை 10.12க்கு, "வீடு இருக்கிறது, இன்றே பார்க்கலாம்" என்று பதில் வந்தது. பெயரைக் கேட்டார்கள், சொன்னான். 10.19க்கு, "உரிமையாளர் இந்தியர்களுக்குக் கொடுப்பதில்லை" என்று வந்தது. இரண்டு மாத முன்பணத்தைக் கையில் வைத்திருந்தவன் அன்றிரவு என்னை அழைத்துக் கேட்ட முதல் கேள்வி, "சித்தப்பா, நான் எழுதுனதுல ஏதாச்சும் தப்பா?" என்பதுதான்.

இந்தக் கேள்வி எழாதபடி பிள்ளையை முன்கூட்டியே ஆயத்தப்படுத்த வேண்டும். இடைநிலைப்பள்ளிக்குப் போகும் வயதில், அவர்களுக்குத் தெரிந்த பெயர்களை வைத்தே பேசத் தொடங்குங்கள். சிரம்பானைச் சேர்ந்த பூப்பந்து வீராங்கனை கிஷோனா 2019 தென்கிழக்காசிய (சீ) விளையாட்டுப் போட்டியில் நாட்டுக்குத் தங்கம் வென்றவர். 2021இல் நாடுகளின் அணிகள் மோதும் சுதிர்மான் கிண்ணப் பூப்பந்துப் போட்டியின் அரையிறுதியில் தோற்றதும், அரசியல் கட்சிக்காரர் ஒருவர் முகநூலில் அவரை இனத்தைச் சொல்லி இழிவாக எழுதினார். எல்லா இனத்தவரும் கண்டித்த பிறகே மன்னிப்பு வந்தது. தங்கப் பதக்கம் அந்தச் சொல்லைத் தடுக்கவில்லை என்பதையும், கண்டித்தவர்களில் மலாய்க்காரர்களும் இருந்தார்கள் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். இல்லாவிட்டால் பிள்ளையின் மனத்தில் வெறுப்பு மட்டுமே தங்கும்.

அடுத்து, பணமும் புகழும் எதைத் தரும் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஒரு காலத்தில் உலகின் 4ஆம் நிலை டென்னிஸ் வீரராக இருந்த கறுப்பினத்தவர் ஜேம்ஸ் பிளேக், 2015 செப்டம்பரில் நியூயார்க்கில் தாம் தங்கியிருந்த ஹோட்டல் வாசலில் நின்றபோது, வேறொருவர் என்று தவறாக நினைத்து, சாதாரண உடையிலிருந்த போலீஸ்காரர் அவரைத் தரையில் தள்ளி விலங்கு மாட்டினார். அந்த நொடியில் அவருடைய பெயர் உதவவில்லை, பிறகுதான் உதவியது. காவல்துறைத் தலைவரும் மேயரும் மன்னிப்புக் கேட்டார்கள். பிளேக் இழப்பீட்டுக்கு வழக்குப் போடாமல், போலீசார் மீது புகார் கொடுப்பவர்கள் பாதியில் கைவிடாதபடி துணைநிற்கும் பணியிடம் ஒன்றை நகர நிர்வாகம் உருவாக்க வேண்டும் என்று பேசி முடித்தார். அடியை நிறுத்தாத புகழ், அடிக்குப் பின் கேட்கும் குரலைக் கொடுத்தது என்பதே என் கருத்து.

அந்தக் குரல் இல்லாத நம் பிள்ளைகளுக்குக் கைகொடுப்பது ஆதாரம். ஆத்திரத்தில் உரையாடலை அழித்துவிடாமல், தேதியும் நேரமும் தெரியும்படி படம் எடுத்து, நம்பிக்கையான ஒருவருக்கு அன்றே அனுப்பச் சொல்லுங்கள். வாய்மொழியாக நடந்திருந்தால், சொன்ன வார்த்தைகளை அப்படியே, அருகில் இருந்தவர்களின் பெயரோடு எழுதி வைக்க வேண்டும்.

சட்டம் எவ்வளவு தூரம் வரும் என்பதிலும் பொய் நம்பிக்கை கொடுக்காதீர்கள். அரசியலமைப்பின் 8ஆவது விதி அரசாங்கத்தையே கட்டுப்படுத்துகிறது. இந்தியர் என்பதற்காக வீடு தர மறுக்கும் தனியாரைத் தண்டிக்க நம் நாட்டில் தனிச்சட்டம் இல்லை. வேலையிடத்தில் நிலைமை சற்றுப் பரவாயில்லை. 2023 ஜனவரி 1 முதல், வேலைச் சட்டத்தின் 69எஃப் பிரிவின்படி, தொழிலாளிக்கும் முதலாளிக்கும் இடையிலான பாகுபாட்டுப் புகாரைத் தொழிலாளர் இலாகா விசாரித்து உத்தரவிடலாம். அந்த உத்தரவை மீறினால் 50,000 ரிங்கிட் வரை அபராதம்.

இதையெல்லாம் சொல்லிக் கொடுக்கும் வீட்டில், செம்பனைத் தோட்டத்துக்கு வந்திருக்கும் வங்காளதேசத் தொழிலாளியை நாமே எப்படி அழைக்கிறோம் என்பதையும் பிள்ளை கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது. நம் ஊரிலும் அவர்களுக்கு அறை இல்லை என்று சொல்லும் தமிழர்கள் இருக்கிறார்கள்.

புகார் கொடுக்கப் போகும்போது கடிதத்தை இரண்டு படிகளாக எடுத்துச் செல்லுங்கள். ஒன்றைக் கொடுத்துவிட்டு, மற்றொன்றில் பெற்றுக்கொண்ட தேதியோடு முத்திரை குத்தி வாங்காமல் அலுவலக முகப்பை விட்டு நகராதீர்கள்.