நாய்க்கு வலிப்பு மாத்திரை: மருந்துக்கடை முதல் களி உருண்டை வரை

நாயை டாக்டர் பார்த்து பினோபார்பிட்டோன் என்ற வலிப்பு மாத்திரையை எழுதிக் கொடுத்துவிட்டார், இனி வீட்டில் என்ன செய்வது என்று நிற்பவர்களுக்காக இது. எங்கள் நாய் மணிக்கு இந்த மாத்திரை நெடுநாளாக ஓடுகிறது. அளவு எடையைப் பொறுத்தது. அதை டாக்டர்தான் சொல்லவேண்டும்.

1. வாங்குவது

நான் அதிகம் அலைந்தது இதற்குத்தான். இது மனிதர்களுக்கும் கொடுக்கிற மாத்திரை, கார்டினால் என்ற பெயரில் வரும். மாட்டு மருந்து விற்கிற கடையில் தேடிப் பயனில்லை. தர்மபுரியில் நரம்பு டாக்டர் உட்காரும் ஆஸ்பத்திரியை ஒட்டிய மருந்துக்கடையில் கேளுங்கள். சீட்டு இல்லாமல் தரமாட்டார்கள். சீட்டில் தேதி, டாக்டரின் பதிவு எண், 30 மில்லிகிராமா 60 மில்லிகிராமா என்பது தெளிவாக இருக்கட்டும். கையில் பத்து நாள் மாத்திரை மிச்சமிருக்கும்போதே அடுத்ததை வாங்கிவிடுங்கள். பண்டிகை லீவில் தீர்ந்துபோனால் ஆபத்து. திடீரென நிறுத்தினால் வலிப்பு முன்பைவிட மோசமாகத் திரும்பும்.

2. கொடுப்பது

12 மணி நேரத்துக்கு ஒருமுறை. பால் கறக்கிற வீட்டில் காலை ஆறு, மாலை ஆறு என்பது வசதி. போன் அலாரத்தைவிட ஏழு நாள் மாத்திரை டப்பாதான் எனக்குப் பிடிக்கும். கொடுத்தோமா இல்லையா என்று வீட்டில் யாரும் வாதாட வேண்டியதில்லை. சூடு ஆறிய கேழ்வரகுக் களியில் மூன்று உருண்டை பிடியுங்கள். நடு உருண்டையில் மட்டும் மாத்திரை. மூன்றாவதற்கு ஆசைப்பட்டு இரண்டாவதை மெல்லாமல் விழுங்கிவிடும்.

3. முதல் இரண்டு வாரம்

தள்ளாடும், தூங்கும், தண்ணீர் நிறையக் குடிக்கும், பசி பசி என்று நிற்கும். பயந்து நிறுத்தாதீர்கள். ரத்தத்தில் மருந்து நிலைக்கவே ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். அப்புறம் மருந்தின் அளவைப் பார்க்க ரத்தம் எடுப்பார்கள். ரத்தம் பிடிக்க ஜெல் போட்ட குழாய் வேண்டாமென்று லேபில் சொல்லிவிடுங்கள். ஜெல் மருந்தை உறிஞ்சி, அளவைக் குறைத்துக் காட்டும். கல்லீரல் பரிசோதனை ஆறு மாதத்துக்கு ஒருமுறை.

4. வலிப்பு வந்தால்

வாயில் கை வைக்காதீர்கள். இரும்புச் சாவியெல்லாம் தேடவேண்டாம், கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினாலோ, 24 மணி நேரத்தில் இரண்டாவது முறை வந்தாலோ உடனே வண்டி எடுங்கள். சேலம் போவதா, ஓசூர் போவதா, ராத்திரியில் எங்கே டாக்டர் இருப்பார் என்பதை இன்றைக்கே விசாரித்து வையுங்கள்.

பின்சேர்க்கை: பூனைக்கும் இதே முறையா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். பினோபார்பிட்டோன் பூனைக்கும் தருகிறார்கள். நாய் வலிப்புக்குத் தருகிற இன்னொரு மருந்தான பொட்டாசியம் புரோமைடு மட்டும் பூனைக்குக் கூடாது, நுரையீரலைக் கெடுக்கும்.

இன்னொருவர், புரோமைடு சாப்பிடும் தன் நாய்க்கு மறுபடி வலிப்பு வந்ததாக எழுதியிருந்தார். விசாரித்ததில், அந்த வாரம் தினமும் கருவாட்டுக் குழம்பு சோறு போட்டிருக்கிறார்கள். உப்பு கூடினால் புரோமைடு சிறுநீரோடு வேகமாக வெளியேறிவிடும். கருவாட்டை நீங்கள் சாப்பிடுங்கள். நாய்க்கு உப்பில்லாக் களியே போதும்.