ஒரு ஸ்கேலை வைத்து நரம்பு மண்டலத்தைப் புரிந்துகொள்வது எப்படி?

நரம்பு மண்டலம் என்றதும் அம்புக்குறி போட்ட அந்த நியூரான் (நரம்புச் செல்) படம்தான் நினைவுக்கு வரும். அதை மனப்பாடம் செய்து மார்க் வாங்கலாம், வேறு பயன் இல்லை. ஒரு 30 செ.மீ. ஸ்கேலும் அதைப் பிடிக்க ஒரு ஆளும் இருந்தால் உங்கள் உடம்பிலேயே பார்த்துவிடலாம்.

படி 1: ஸ்கேலைப் பிடியுங்கள்

முன்கையை மேசை மேல் வைத்து, உள்ளங்கை மட்டும் விளிம்புக்கு வெளியே இருக்கட்டும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஸ்கேலின் 0 வரும்படி உங்கள் ஆள் அதைத் தொங்கவிட வேண்டும். விரல் ஸ்கேலில் படக்கூடாது. அவர் சொல்லாமல் கொள்ளாமல் விடுவார், நீங்கள் பிடிக்க வேண்டும். ஐந்தாறு முறை செய்து, பிடித்த இடத்தின் சராசரியை எடுத்து, 490-ஆல் வகுத்து வர்க்கமூலம் போடுங்கள் (செ.மீ. கணக்கில் புவியீர்ப்பு முடுக்கம் 981, அதில் பாதிதான் இந்த 490). வருவதுதான் ஸ்கேல் விழத் தொடங்கியதிலிருந்து நீங்கள் பிடிக்க எடுத்துக்கொண்ட நேரம். 15 செ.மீ. என்றால் சுமார் 0.175 விநாடி, 20 என்றால் 0.2.

படி 2: செய்தி போன வழியைத் தொடருங்கள்

ஸ்கேல் நகர்ந்ததை விழித்திரை பிடித்து, பார்வை நரம்பு வழியாகப் பின்மண்டைப் பக்கம் உள்ள பார்வைப் பகுதிக்கு அனுப்புகிறது. அங்கிருந்து அசைவுக்கான பகுதிக்குப் போய், கட்டளையாக மாறி, மூளையின் அடியில் உள்ள முகுளத்தில் பக்கம் மாறி (வலது கைக்கு ஆணை இடது மூளையிலிருந்துதான்), தண்டுவடத்தில் இறங்கி, கழுத்துப் பக்கம் வெளியேறி முன்கைத் தசைக்கு வருகிறது. விரலை மடக்கும் முக்கியத் தசைகள் முன்கையில்தான் இருக்கின்றன, தொட்டுப் பாருங்கள்.

மூளையும் தண்டுவடமும் மைய நரம்பு மண்டலம். அவற்றிலிருந்து கிளம்பும் 12 ஜோடி மூளை நரம்புகளும் 31 ஜோடி தண்டுவட நரம்புகளும் புற நரம்பு மண்டலம். இதயத் துடிப்பு, செரிமானம் எல்லாம் பார்க்கும் தானியங்கு நரம்புகளும் இருக்கின்றன, ஆனால் அவற்றுக்கு இந்த ஸ்கேல் விளையாட்டில் வேலை இல்லை.

படி 3: நரம்புக்குள் எட்டிப் பாருங்கள்

நரம்பைக் கரண்ட் வயர் என்று சொல்லிக்கொடுப்பது எனக்குப் பிடிக்காது. வயரில் எலக்ட்ரான்கள் வயரின் நீளத்தில் நகரும்; இங்கே அயனிகள் (மின்னூட்டம் உள்ள அணுக்கள்) நியூரானின் சவ்வைக் குறுக்காகத் தாண்டுகின்றன. சும்மா இருக்கும் நியூரானின் உட்புறம் வெளியை விடச் சுமார் 70 மில்லிவோல்ட் குறைவு. தூண்டல் போதுமான அளவு வந்தால் சவ்வில் உள்ள சோடியம் வாயில்கள் திறந்து, சோடியம் அயனிகள் உள்ளே பாய்ந்து, அந்த இடம் ஒரு கணம் நேர்மின் பக்கம் புரள்கிறது. அப்புறம் பொட்டாசியம் வெளியேறிப் பழைய நிலைக்குத் திரும்புகிறது. இதற்குள் பக்கத்து வாயில்கள் திறந்திருக்கும், இப்படியே ஆக்ஸான் (நியூரானின் நீண்ட வால்) முழுக்க. பாதிச் சைகை என்று ஒன்று கிடையாது, வந்தால் முழுசாக வரும். தூண்டல் பலமாக இருந்தால் சைகைகள் அடிக்கடி வரும், அவ்வளவுதான்.

மயலின் என்ற கொழுப்பு உறை போட்ட ஆக்ஸானில் இது உறையின் ஒரு இடைவெளியிலிருந்து அடுத்ததற்குத் தாவுவதால் வேகம் கூடுகிறது. ஆக்ஸான் முடிவில் சினாப்ஸ் என்ற நுண்ணிய இடைவெளி. அதை மின்சைகை பெரும்பாலும் தாண்டாது, ரசாயனம்தான் தாண்டும். தசைக்கு முன்னால் உள்ள கடைசி இடைவெளியில் அந்த ரசாயனம் அசிட்டைல்கோலின்.

படி 4: நேரம் எங்கே போனது?

நரம்பின் வேகத்தை அளக்கவே முடியாது என்று ஜெர்மன் உடலியல் அறிஞர் யோகன்னஸ் முல்லர் நினைத்தார். அவருடைய மாணவர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1850-இல் தவளைக் கால் நரம்பில் அளந்து காட்டினார், விநாடிக்குச் சுமார் 27 மீட்டர். நம் கை நரம்புகளில் ஏறத்தாழ 50 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூளையிலிருந்து முன்கை ஒரு மீட்டர்கூட இருக்காது, அதாவது 0.02 விநாடிப் பயணம். சரி, 0.175-இல் மீதி 0.15? விழித்திரை ஒளியைச் சைகையாக்கவும், மூளை 'விழுகிறது, பிடி' என்று முடிவெடுக்கவும், தசை சுருங்கவும்தான் அது செலவாகிறது.

சந்தேகமாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு, ஸ்கேலை விடும்போது உங்கள் ஆளை 'ம்' என்று சொல்லச் சொல்லுங்கள். பெரும்பாலோருக்குச் சத்தத்துக்குக் கை சற்றுச் சீக்கிரமே மூடும், ஏனென்றால் காது விழித்திரையை விட வேகமாகச் சைகை அனுப்புகிறது.

படி 5: மூளையை விலக்கிவிட்டுப் பாருங்கள்

கால் தரையில் படாமல் தொங்கும்படி உட்கார்ந்து, முழங்கால் சில்லுக்குச் சற்றுக் கீழே உள்ள தசைநாணில் உள்ளங்கை ஓரத்தால் மெதுவாகத் தட்டச் சொல்லுங்கள். செய்தி தொடைத் தசையிலிருந்து தண்டுவடம் போய், ஒரே ஒரு சினாப்ஸைத் தாண்டித் திரும்பிவிடும், சுமார் 0.05 விநாடியில் கால் உதைக்கத் தொடங்கும். மூளைக்கும் தகவல் போகிறது, ஆனால் அதன் அனுமதிக்காக யாரும் காத்திருப்பதில்லை.

கால் ஆடவில்லையா? பயப்பட வேண்டாம், நல்ல ஆரோக்கியமானவர்களுக்கும் இது லேசாகத்தான் வரலாம். இரண்டு கை விரல்களையும் கொக்கி மாதிரிக் கோர்த்துப் பலமாக வெளிப்பக்கம் இழுத்துக்கொண்டே மறுபடி தட்டச் சொல்லுங்கள். டாக்டர்களும் இதைத்தான் செய்யச் சொல்வார்கள், பெரும்பாலும் உதை வந்துவிடும்.