பேரப்பிள்ளையோடு வீடியோ காலில் பேச

பாட்டியின் போனைத் தயார் செய்யும் வேலையை, வெளிநாட்டில் இருக்கும் மகனோ மகளோ லீவில் ஊருக்கு வந்திருக்கும்போதே முடித்துவிட வேண்டும். தொலைவிலிருந்து சொல்லிப் புரியவைப்பது இரண்டு பேருக்கும் சிரமம். ஆண்ட்ராய்டு போனாக இருந்தால், வாட்ஸ்அப்பில் உங்கள் பெயரைத் திறந்து, மேலே வலது மூலையில் இருக்கும் மூன்று புள்ளிகளுக்குள் போய் ஷார்ட்கட் போட்டுவிடுங்கள். உங்கள் படம் முகப்பிலேயே வந்துவிடும். அதைத் தொட்டு, பிறகு கேமரா படத்தைத் தொட வேண்டும் என்பதை அவர் கையாலேயே நாலைந்து முறை செய்யச் சொல்லுங்கள். துபாய், அபுதாபியில் வாட்ஸ்அப் கால் பொதுவாகப் போகாது. அங்கே போட்டிம் போன்ற அனுமதி பெற்ற ஆப் தேவைப்படும்.

அடுத்து ஒரு ஸ்டாண்ட். கையில் பிடித்துப் பேசினால் சற்று நேரத்தில் கை தளர்ந்து, குழந்தைக்குப் பாட்டியின் நெற்றியும் சீலிங் ஃபேனும்தான் தெரியும். கண் மட்டத்தில், இரண்டடி தள்ளி வையுங்கள். உயரம் போதாவிட்டால் ஸ்டாண்டுக்கு அடியில் ஒரு எவர்சில்வர் டப்பாவைக் கவிழ்த்து வைக்கலாம். மைக் போனின் அடிப்பக்கத்தில் இருப்பதால் ஸ்டாண்டின் விளிம்பு அந்தத் துளையை மூடக்கூடாது. மூடினால் குரல் அமுங்கிப்போகும். ஜன்னலும் டியூப்லைட்டும் முகத்துக்கு எதிரே இருக்கட்டும். முதுகுக்குப் பின்னால் இருந்தால் முகம் கறுத்துவிடும். படம் பனிமூட்டமாகத் தெரிந்தால் கேமராவில் விரல் பிசுக்கு படிந்திருக்கும்; மெல்லிய பருத்தித் துணியால் துடைத்தால் போதும்.

நீங்கள் பேசுவது உங்களுக்கே திரும்பக் கேட்டால் கோளாறு பெரும்பாலும் எதிர்முனையில்தான்: அங்கே ஸ்பீக்கர் சத்தம் அதிகமாக இருக்கும், அல்லது தாத்தாவும் பாட்டியும் ஒரே கூடத்தில் ஆளுக்கொரு போனில் அதே காலில் இருப்பார்கள். சத்தத்தைக் குறைத்து, ஒரே போனுக்கு மாறச் சொல்லுங்கள். படம் உறைந்தால் மோடம் இருக்கும் அறைக்குப் போகலாம். வைஃபையில் இரண்டு பெயர் வந்தால், சுவர் தாண்டிப் போவதற்கு 5 கிகாஹெர்ட்ஸை விட 2.4 கிகாஹெர்ட்ஸ் நல்லது. அப்போதும் திக்கினால் வீடியோவை மட்டும் நிறுத்திவிட்டுப் பேச்சைத் தொடருங்கள். கரண்ட் போனால் மோடமும் நின்றுவிடும் என்பதால் அதை இன்வெர்ட்டர் லைனில் சேர்ப்பது அவசியம்.

நேரத்தைக் குழந்தையின் கடிகாரத்தை வைத்துக் குறியுங்கள். அவர்கள் ஊரில் கோடைக்கு ஒரு மணி நேரம் முன்னாலும் குளிர்காலத்துக்குப் பின்னாலும் கடிகாரத்தை மாற்றினாலும் பள்ளியும் தூக்கமும் அந்தக் கடிகாரப்படிதான் நடக்கும். நியூ ஜெர்சியில் சனிக்கிழமை காலை 9 மணி என்றால், அங்கே கோடையாக இருக்கும்போது இங்கே மாலை 6.30, குளிர்காலமாக இருக்கும்போது 7.30. அங்கே மார்ச் இரண்டாம் ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும் கடிகாரம் மாறும். லண்டனில் மார்ச், அக்டோபர் மாதங்களின் கடைசி ஞாயிறு. இந்த நாட்களைக் காலண்டரில் வட்டமிட்டு வைத்தால் பாட்டி ஒரு மணி நேரம் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியிருக்காது. சிங்கப்பூரில் இந்தத் தொல்லை இல்லை. எப்போதும் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால்.

இனி முக்கியமான விஷயம்: என்ன பேசுவது? "சாப்பிட்டியா, ஸ்கூல் போனியா" என்று கேட்டால் "ம்" என்ற பதிலோடு பேச்சு நின்றுவிடும். குழந்தை பேச வருவதில்லை, விளையாட வருகிறது. கைக்குழந்தையாக இருந்தால் பக்கத்தில் இருக்கும் அம்மா பாலமாக இருக்க வேண்டும்: பாட்டி திரையில் முறுக்கை நீட்டும் அதே நொடியில் அம்மா குழந்தையின் கையில் ஒரு முறுக்கைக் கொடுக்க வேண்டும். மூன்று வயதுப் பிள்ளைக்குப் பத்து நிமிடமே அதிகம். நடுவில் எழுந்து ஓடினால் போனோடு துரத்தாதீர்கள். போன் இருந்த இடத்திலேயே இருக்கட்டும், திரும்பி வரும்.

ஐந்தாறு வயதுக்குக் கோலம் பொருத்தம். பாட்டி பின்பக்கக் கேமராவுக்கு மாற்றி, ஐந்து புள்ளி ஐந்து வரிசை வைத்து ஒவ்வொரு இழையாக மெதுவாகப் போட, பேத்தி காகிதத்தில் போடட்டும். எட்டு வயதுக்கு மேல் ஆடு புலி ஆட்டம். இரண்டு வீட்டிலும் ஒரே கட்டத்தை அட்டையில் வரைந்து, 23 சந்திப்புகளுக்கும் ஒரே வரிசையில் எண் எழுதுங்கள். மூன்று புலிக்குப் புளியங்கொட்டை, பதினைந்து ஆட்டுக்குக் கொண்டைக்கடலை. "ஏழிலிருந்து பன்னிரண்டுக்கு" என்று சொன்னால் இரண்டு பக்கமும் காயை நகர்த்த வேண்டும். அட்டையைக் கேமராவுக்குக் காட்டவே வேண்டாம், தமிழ் எண்ணும் தானாக வரும். ஆட்டம் முடியாவிட்டால் போட்டோ எடுத்து வைத்து, அடுத்த வாரம் அங்கிருந்து தொடருங்கள். பிள்ளை ஆங்கிலத்தில் பதில் சொன்னால் "தமிழ்ல பேசு" என்று அதட்ட வேண்டாம். அதையே பாட்டி தமிழில் திருப்பிச் சொல்லிவிட்டு ஆட்டத்தைத் தொடரட்டும். அதட்டினால் அடுத்த வாரம் வராது.

உங்கள் பெற்றோரிடம் ஒன்றைக் கட்டாயம் சொல்லிவையுங்கள். தெரியாத எண்ணிலிருந்து மகனின் முகமோ குரலோ வந்து அவசரமாகப் பணம் கேட்டால், அழைப்பைத் துண்டித்துவிட்டு, போனில் ஏற்கெனவே சேமித்திருக்கும் எண்ணுக்கு அவர்களே கூப்பிட வேண்டும். வெளியாள் யார் சொன்னாலும் திரையைப் பகிரும் பட்டனைத் தொடக்கூடாது. தொட்டால் போனுக்கு வரும் ஓடிபி அந்த வெளியாளுக்கும் தெரிந்துவிடும்.