‘பரிசு’ பரிசலானது

பென்னாகரம் பக்கம் என் ஆறாம் வகுப்பு மாணவன் ஒருவன். வாய் திறந்தால் ஒகேனக்கல்லைக் கண்முன் நிறுத்துவான். எழுதச் சொன்னால் பேனா நகராது. டேப்லெட்டில் சொல் கணிப்பு வசதியைப் போட்டுக் கொடுத்தேன். ‘பரிசல்’ என்று எழுத ‘பரி’ எனத் தட்டியதும் ‘பரிசு’ வந்தது. அதையே தொட்டுவிட்டான்: ‘அப்பா பரிசு ஓட்டுகிறார்.’

குறை அவனிடம் இல்லை. அவன் ஊர்ச் சொற்கள் கணிப்பில் மேலே வரவில்லை. கீபோர்ட் செட்டிங்ஸில் தனிப்பட்ட அகராதியைத் திறந்து பரிசல், துடுப்பு, சுழல், கேழ்வரகு எல்லாம் சேர்த்தேன். அப்புறம், இதுதான் முக்கியம், கணிப்பில் வரும் சொற்களைத் தொடுவதற்கு முன் வாய்விட்டுப் படிக்கச் சொன்னேன். முதல் எழுத்தையே மாற்றித் தட்டினால் கணிப்பு உதவாது. அதற்கு நான் பக்கத்தில் உட்கார வேண்டியிருக்கிறது.

போன வாரம் பரிசலைப் பற்றி 9 வரி எழுதினான்.