போருக்கு எதிராக மாணவர் ஊர்வலம்: ஊரார் கோபத்தையும் கணக்கில் வைத்துத் திட்டமிடுவது எப்படி?

1970 மே 4 அன்று அமெரிக்காவின் கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் வியட்நாம் போரை எதிர்த்துக் கூடிய மாணவர் கூட்டத்தின் மீது தேசியக் காவல்படை 13 வினாடிகளில் 67 முறை சுட்டது. நான்கு மாணவர்கள் செத்தார்கள். அடுத்து வந்த கேலப் கருத்துக்கணிப்பில் 58 சதவீதம் பேர் பழியை மாணவர்கள் தலையிலேயே போட்டார்கள். காவல்படையைக் குறை சொன்னவர்கள் வெறும் 11 சதவீதம். போரே பிடிக்காதவர்கள்கூடப் போராடுகிறவர்களை வெறுப்பார்கள். அமெரிக்க வளாகத்தில் ஊர்வலம் நடத்துகிறவர்கள் திட்டத்தை இங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

முதலில் வடிவம். 1969 நவம்பரில் வாஷிங்டனில் நடந்த மரணத்துக்கு எதிரான நடைப்பயணம் இன்றைக்கும் நல்ல பாடம். படைவீரர்களின் ஆர்லிங்டன் கல்லறைப் பக்கமிருந்து ஒற்றை வரிசையாகச் சுமார் 40,000 பேர் நடந்தார்கள். ஆளுக்கொரு அட்டை, அதில் வியட்நாமில் இறந்த ஒரு சிப்பாயின் பெயர், அல்லது அழிக்கப்பட்ட ஒரு கிராமத்தின் பெயர். வெள்ளை மாளிகை எதிரே அந்தப் பெயரை உரக்கச் சொல்லிவிட்டு, நாடாளுமன்றக் கட்டடமான கேபிடல் அருகே அட்டையைச் சவப்பெட்டியில் போட்டார்கள். தேசத்துரோகி என்று கத்த வருகிறவருக்கு இதில் பிடி கிடைப்பது கடினம்.

அட்டைக்கு ஒரே பெயர், கறுப்பு மை, சாலையின் மறுபுறமிருந்து படிக்கும்படி எழுத்து. பெயர்களை அதிகாரப்பூர்வப் பட்டியலோடு இரண்டு பேர் தனித்தனியாக ஒத்துப் பாருங்கள். ஒரு பெயர் தப்பானால் மறுநாள் செய்தி அதுவாகத்தான் இருக்கும். குடும்பத்தார் வேண்டாம் என்றால் அந்த அட்டையை எடுத்துவிடுங்கள். மெழுகுவர்த்தியைக் காகிதக் கோப்பையின் அடியைக் கீறிச் செருகினால் காற்றும் படாது, கையும் சுடாது.

ஐம்பது பேருக்கு ஒரு தொண்டராவது வேண்டும், எல்லாருக்கும் ஒரே நிறக் கைப்பட்டையோடு. வசை பாடுகிறவரோடு அவர்கள் வாதாடக் கூடாது. நடுவில் நின்று வரிசையை நகர்த்த வேண்டும். வரிசை நின்றால் கூட்டம் நெருக்கும், தள்ளுமுள்ளு அங்கேதான் பிறக்கும். 1970 மே 8 அன்று நியூயார்க்கில் கட்டடத் தொழிலாளர்கள் மாணவர்களை அடித்தபோது போலீஸ் பெரும்பாலும் பார்த்துக்கொண்டுதான் நின்றது. ஆகவே விலகிப்போகப் பக்கத்தெருக்கள் இரண்டையாவது முன்கூட்டியே நடந்து பார்த்து வையுங்கள். கொடியை எரிக்க யாரையும் விடாதீர்கள். அந்த ஒரு படம் உங்கள் கோரிக்கை முழுவதையும் விழுங்கிவிடும்.

சட்டம்: அரசுப் பல்கலைக்கழகத்தை, பேச்சுரிமையைக் காக்கும் அரசியலமைப்பின் முதல் திருத்தம் கட்டுப்படுத்தும்; தனியார் நிறுவனம் தன் விதிப்படி நடக்கும், அதை வாங்கிப் படியுங்கள். பள்ளியில் போரை எதிர்த்துக் கறுப்புக் கைப்பட்டை அணிவதை 1969-ல் உச்ச நீதிமன்றம் 7-2 என்று காத்தது, பாடம் குலையவில்லை என்பதால். வகுப்பறை வாசலை மறித்தால் அந்தக் காப்பு கிடைக்காது.

ஊர்வலம் முடிந்த வாரமே வீடு வீடாகப் போங்கள். 1968-ல் மாணவர்கள் முடிவெட்டி, தாடி மழித்து நியூ ஹாம்ப்ஷயரில் கதவு தட்டினார்கள். போரை எதிர்த்த யூஜின் மெக்கார்த்திக்கு, ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் அந்த மாநில வாக்கெடுப்பில் 42 சதவீத வாக்கு விழுந்தது. துண்டறிக்கையை நீட்டுவதற்கு முன், அந்த வீட்டிலிருந்து யாராவது படையில் இருக்கிறார்களா என்று கேளுங்கள். வீட்டுக்காரர் பேசி முடிக்கும்வரை குறுக்கிடாதீர்கள்.