கிளாத்திக் குஞ்சுக்கு ஒரு வீடு: பிக்காசோ டிரிகர் மீனை உப்புநீர்த் தொட்டியில் வளர்ப்பது எப்படி

கடைத் தொட்டியில் பார்க்கும்போது ஒரு தீப்பெட்டி நீளம்கூட இருக்காது. வெளிறிய உடம்பில் யாரோ தூரிகையால் இழுத்துவிட்ட மாதிரி கோடுகள், வாயிலிருந்து பின்னோக்கி ஓடும் மஞ்சள் பட்டை, தலையின் உச்சியில் தனித்தனியாகச் சுழலும் இரண்டு கண்கள். நாம் நகர்ந்தால் அதுவும் கண்ணாடியோரமாகக் கூடவே நகரும். இதைப் பார்த்துவிட்டு வாங்காமல் வருவது கஷ்டம்தான். எனக்கும் அப்படித்தான் ஆனது.

நம் மீனவர்கள் கிளாத்தி என்று அழைக்கும் குடும்பத்தைச் சேர்ந்தது இந்தப் பிக்காசோ டிரிகர். செங்கடலிலிருந்து ஹவாய் வரைக்கும் பவளத் திட்டுகளையொட்டிய ஆழமில்லாத தண்ணீரில் வாழும். வளர்ந்தால் 30 சென்டிமீட்டர் வரை போகும். நண்டு, சிப்பி, கடல் முள்ளெலி எல்லாவற்றையும் உடைத்துத் தின்பதற்கென்றே அமைந்த தாடை. தன் இடம் என்று ஒன்றைப் பிடித்துவிட்டால் பிறகு வருகிறவனை விடாது. குஞ்சாக இருக்கும்போது இதெல்லாம் வெளியே தெரியாது என்பதுதான் சிக்கல்.

முதல் முறை நான் அதைத் தொட்டியின் முதல் மீனாக விட்டேன். இரண்டு மாதம் கழித்து ஒரு ஜோடி கோமாளி மீன் வாங்கி வந்து சேர்த்தேன். மூன்றாம் நாள் காலை ஒன்று மேல் மூலையில் ஹீட்டருக்குப் பின்னால் ஒதுங்கி நின்றது, வால் பாதி இல்லை. இன்னொன்றைக் காணவே இல்லை. டிரிகர் அன்று வழக்கம்போல என்னிடம் வந்து சாப்பாடு கேட்டது. அதன் மேல் தப்பே இல்லை. அதன் வீட்டுக்குள் இரண்டு அந்நியர்களைக் கொண்டுபோய் விட்டது நான். இந்தப் பதிவில் சொல்லும் வரிசை அந்த இழப்பிலிருந்து வந்தது. தயவுசெய்து வரிசையை மாற்றாதீர்கள்.

படி 1: எந்தக் குஞ்சு என்று முதலில் உறுதி செய்யுங்கள்

டிரிகர் என்ற ஒரே பெயரில் பல மீன்கள் விற்பனைக்கு வரும். வெள்ளைப் புள்ளி வைத்த க்ளவுன் டிரிகர் குஞ்சுதான் இருப்பதிலேயே அழகு. ஆனால் அது 50 சென்டிமீட்டர் வளரக்கூடியது, வளர்ந்தபின் தனியாக வைக்க வேண்டிய நிலையும் வரலாம். ஆரஞ்சுக் கோடு போட்ட அண்டுலேட்டட் டிரிகர் அளவில் சிறியது, குணத்தில் அதைவிட மோசம். நீலத் தொண்டை டிரிகர் ஓரளவு சாதுவானது, விலை அதிகம். பிக்காசோ இவற்றுக்கு நடுவில் வரும். திடமான மீன், சீக்கிரம் நோய்வாய்ப்படாது, ஆளை அடையாளம் கண்டுகொள்ளும். புதிதாக ஆரம்பிப்பவருக்கு நான் சொல்வது இதைத்தான்.

5 முதல் 7 சென்டிமீட்டர் உள்ள குஞ்சாகத் தேர்ந்தெடுங்கள். அதைவிடப் பொடியாக இருந்தால் பட்டினியில் வாடியிருக்க வாய்ப்பு அதிகம். கடைக்காரரிடம் உங்கள் கண் முன்னால் ஒரு துண்டு இறால் போடச் சொல்லுங்கள். பாய்ந்து வந்து கவ்வ வேண்டும். வயிறு உள்ளொடுங்கியிருந்தால், மூச்சு வேகமாக வாங்கினால், கண் மங்கியிருந்தால் விட்டுவிடுங்கள். இன்னொரு நாள் வேறு குஞ்சு வரும்.

படி 2: தொட்டி

குஞ்சுக்கு 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத் தொட்டி போதும். கணக்குப்படி சுமார் 255 லிட்டர், கல்லும் மணலும் போனால் 220 லிட்டர் தண்ணீர் நிற்கும். ஆனால் இது தற்காலிக வீடுதான். முழு மீனாக வளர்ந்தபின் 6 அடிக்கு 2 அடிக்கு 2 அடி வேண்டும். அது 680 லிட்டர். தண்ணீர் மட்டுமே 680 கிலோ, கண்ணாடி, ஸ்டாண்டு, கல் சேர்த்தால் ஒரு டன்னை நெருங்கும். மாடி வீட்டில் இருப்பவர்கள் கட்டட விவரம் தெரிந்த ஒருவரிடம் இப்போதே கேட்டுவிடுங்கள். பெரிய தொட்டிக்கு வீட்டில் வழியே இல்லை என்றால் இந்த மீனை வாங்க வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

மேலே கண்ணாடி மூடிக்குப் பதில் நைலான் வலை மூடி போடுங்கள். மீன் துள்ளி விழாது, சூடும் உள்ளே தங்காது. சென்னை மாதிரி ஊரில் சித்திரை, வைகாசியில் தொட்டித் தண்ணீர் 30 டிகிரியைச் சுலபமாகத் தாண்டிவிடும். நமக்கு வேண்டியது 25 முதல் 27 டிகிரி. தண்ணீர்ப் பரப்பின் மேல் சின்ன ஃபேன் வைத்தால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். அதற்கும் அடங்காவிட்டால் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர்தான் வழி.

ஃபேன் ஓடினால் தண்ணீர் ஆவியாகும். ஆவியாவது தண்ணீர் மட்டுமே, உப்பு உள்ளேயே இருக்கும். அதனால் குறைந்த அளவுக்கு ஆர்ஓ நல்ல தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும், உப்புத் தண்ணீரை அல்ல. புதிதாக வருகிறவர்கள் அதிகம் தவறுவது இந்த இடத்தில்தான்.

படி 3: கல்லும் மறைவிடமும்

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடற்கரையில் கிடக்கும் பவளக் கல்லைப் பொறுக்கி வராதீர்கள், யாராவது விற்றாலும் வாங்காதீர்கள். நம் நாட்டில் பவளங்கள் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்டவை. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றி இருக்கிற பவளத் திட்டுகள் ஏற்கெனவே நிறைய அடி வாங்கியவை. தொட்டிக்கென்று செய்த செராமிக் கல் கிடைக்கிறது, அதுவே தாராளமாகப் போதும்.

கல்லை வெறும் கண்ணாடித் தரையில் நேராக உட்கார வைத்து, அதற்குப் பிறகு மணல் போடுங்கள். மாற்றிச் செய்தால் ஆபத்து. டிரிகர் வாயால் தண்ணீரைப் பீய்ச்சி மணலை வாரும். கல்லுக்கு அடியில் பள்ளம் விழுந்தால் கல் சரிந்து கண்ணாடியில் மோதும். மேலடுக்குக் கற்களை அக்வேரியம் எபாக்சி வைத்து ஒட்டிவிடுவது நல்லது.

கற்களுக்கு நடுவில் குறைந்தது மூன்று பொந்துகளாவது விடுங்கள். ஏன் என்று ராத்திரி டார்ச் அடித்துப் பார்த்தால் புரியும். விளக்கை அணைத்ததும் குஞ்சு ஒரு பொந்துக்குள் போய் ஒருக்களித்துப் படுக்கும். முதுகின் முதல் முள்ளை நிமிர்த்தும், அதற்குப் பின்னால் உள்ள சின்ன முள் அதைத் தாழ்ப்பாள் மாதிரி பூட்டிக்கொள்ளும். அந்த நிலையில் யாராலும் அதைப் பொந்திலிருந்து இழுத்து எடுக்க முடியாது. டிரிகர் என்ற பெயரே இந்தப் பூட்டால் வந்ததுதான். இப்படிப் பூட்டிக்கொள்ள இடம் கிடைக்காத குஞ்சு இரவெல்லாம் மிரண்டு கிடக்கும், மிரண்ட மீன் பகலில் கடிக்கும். வெறும் தொட்டியில் வளர்ந்த டிரிகர்கள் அதிகம் முரண்டு பிடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

ஹீட்டரை சம்ப்பில் (தொட்டிக்குக் கீழே தண்ணீர் சுற்றிவரும் துணைத் தொட்டி) வைத்துவிடுங்கள். சம்ப் இல்லாவிட்டால் பிளாஸ்டிக் கூண்டு போட்ட ஹீட்டர் வாங்குங்கள். இது ஒயரைக் கடிக்கும் மீன். வீட்டில் மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் ஆர்சிசிபி இல்லாமல் உப்புநீர்த் தொட்டியை ஓட்டாதீர்கள்.

படி 4: தண்ணீரைப் பழக்குவது

லிட்டருக்கு சுமார் 35 கிராம் கடல் உப்புக் கலவை. 220 லிட்டருக்கு 8 கிலோ பிடிக்கும். சமையல் உப்பு கூடவே கூடாது. உப்பின் அளவைப் பார்க்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் 1.024, 1.025 காட்டினால் சரி. கடற்கரையிலிருந்து குடத்தில் மொண்டு வரும் யோசனையை விட்டுவிடுங்கள், ஊரை ஒட்டிய கடலில் என்னென்ன கலந்திருக்கிறது என்று நமக்குத் தெரியாது.

உப்பு கரைந்த மறுநாளே மீன் விடக் கூடாது. ஒரு சின்ன இறால் துண்டைப் போட்டு அழுக விடுங்கள். முதலில் அம்மோனியா ஏறும். பாக்டீரியா வளர்ந்து அதை நைட்ரைட்டாக மாற்றும், வேறு பாக்டீரியா அதை நைட்ரேட்டாக மாற்றும். இதற்கு 4 முதல் 6 வாரம் ஆகும். டெஸ்ட் கிட்டில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யமாக நின்றபின்தான் அடுத்த படி. டிரிகர் நிறையத் தின்று நிறையக் கழிக்கும். அதனால் உங்கள் தொட்டி அளவைப்போல இரண்டு மடங்குக்குச் சொல்லப்பட்ட, கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் புரோட்டீன் ஸ்கிம்மர் போடுங்கள்.

படி 5: தனிமைத் தொட்டி

வாங்கிய குஞ்சை முதலில் தனியாக வைத்துக் கவனிக்கும் தொட்டி. பலர் தாண்டிப்போகும் படி இது. 60, 70 லிட்டர் தொட்டி, ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஒரு ஹீட்டர், ஒளிந்துகொள்ள இரண்டு பிவிசி எல்போ (வளைந்த குழாய்த் துண்டு). மணலும் கல்லும் வேண்டாம். 4 அடித் தொட்டி பழகும்போதே இந்த ஸ்பாஞ்சையும் அதில் போட்டு வைத்திருந்தால் பாக்டீரியா தயாராக இருக்கும்.

குஞ்சு இங்கே 4 வாரம் இருக்கட்டும். வெண்புள்ளி நோய் இருந்தால் இந்த நாட்களுக்குள் உப்புத் தூவினாற்போல உடம்பில் தெரிந்துவிடும். செப்பு மருந்து போட வேண்டியிருந்தால் இங்கேதான் போட வேண்டும், அதற்கான டெஸ்ட் கிட்டோடு. 4 அடித் தொட்டியில் ஒருபோதும் போடக் கூடாது. அம்மோனியாவைத் தினமும் பாருங்கள், தெரிந்தால் உடனே பாதித் தண்ணீரை மாற்றுங்கள்.

இந்த 4 வாரத்தில் வேறு ஒன்றும் நடக்கும், குஞ்சு உங்களைப் பழகிக்கொள்ளும். எனக்கு மறக்காத காட்சி அது. இடுக்கியில் ஓட்டோடு ஒரு இறால் தலையை நீட்டினேன். எல்போவுக்குள்ளிருந்து முதலில் ஒரு கண் மட்டும் வந்தது, இறாலைப் பார்த்தது, என்னைப் பார்த்தது. பட்டென்று வந்து கவ்விக்கொண்டு திரும்ப உள்ளே போனது. ஓடு நொறுங்குகிற சத்தம் கண்ணாடிக்கு வெளியே கேட்டது.

படி 6: கடைசி ஆளாக உள்ளே விடுவது

வேறு மீன்கள் வைக்க ஆசை இருந்தால் அவை டிரிகருக்கு முன்பே, அதே மாதிரி தனிமையில் இருந்துவிட்டு, 4 அடித் தொட்டியில் இடம் பிடித்திருக்க வேண்டும். டிரிகர் கடைசியில்தான் வர வேண்டும். 4 அடித் தொட்டியில் அதையும் சேர்த்து மூன்று மீனுக்கு மேல் வேண்டாம். அதைவிடப் பெரிதாக, சுறுசுறுப்பாக இருப்பவைதான் தாக்குப்பிடிக்கும். ஓரா இனத்தைச் சேர்ந்த ஃபாக்ஸ்ஃபேஸ் எனக்கு நன்றாக ஒத்துப்போனது. அதன் முதுகு முள்ளில் விஷம் இருப்பதால் டிரிகர் ஒதுங்கியே போகிறது. நாமும் கையைப் பார்த்து வைக்க வேண்டும். முரட்டு டாம்செல் மீன்களும் சமாளிக்கும். இறால், நண்டு, நத்தை எல்லாம் அதற்குச் சாப்பாடு. லயன் மீனின் நீளத் துடுப்பைக் கடித்துக் குதறிவிடும். இன்னொரு டிரிகர் வேண்டவே வேண்டாம்.

பழைய மீன்கள் இருந்தால், விடும் நாளில் முதலில் கற்களில் சிலவற்றை இடம் மாற்றுங்கள். அப்போது எல்லோருக்கும் அது புது வீடாகிவிடும். அப்புறம், துளை போட்ட ஒரு பிளாஸ்டிக் பெட்டியைத் தொட்டிக்குள் மிதக்கவிட்டு அதில் குஞ்சை 4, 5 நாள் வையுங்கள். ஒன்றையொன்று பார்க்கும், கடிக்க முடியாது. யாரும் பெட்டியின் மேல் பாய்ந்து முட்டாத நாள் வந்ததும், சாயங்காலம் விளக்கை அணைத்துவிட்டுத் திறந்துவிடுங்கள்.

அடுத்த ஒரு வாரம் காலையில் எழுந்ததும் தொட்டியைப் பாருங்கள். கிழிந்த துடுப்பு, மேல் மூலையில் ஒதுங்கி நிற்கும் மீன், சாப்பாட்டுக்கு வராத மீன், இதில் ஒன்று தெரிந்தாலும் காத்திருக்காதீர்கள். அடிப்பவனை அதே பெட்டிக்குள் ஒரு வாரம் போடுங்கள். அடிபட்டவனை எடுத்தால் அடித்தவனுக்குத் தொட்டி முழுக்கச் சொந்தமாகிவிடும். தொட்டிக்கு வெளியே ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியைச் சாய்த்து வைப்பதும் சில நாள் உதவும், தன் பிம்பத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டு மற்றவர்களை விட்டுவிடும்.

படி 7: தினசரி

குஞ்சுக்கு ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவை, கொஞ்சம் கொஞ்சமாக. இறால், மட்டி, கணவாய், நண்டுக் கால், வாரத்தில் சில நாள் நோரிப் பாசி. இதன் பற்கள் வளர்ந்துகொண்டே இருக்கும், அதனால் ஓட்டோடு கொடுப்பது அவசியம். சந்தை இறாலை ஒரு வாரம் ஃப்ரீசரில் வைத்துக் கழுவிக் கொடுங்கள். விரலால் நீட்டாதீர்கள், இடுக்கிதான். பசித்த டிரிகர்தான் சண்டை போடும் டிரிகர்.

இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை ஐந்தில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றம். கரண்ட் போனால் ஓட பேட்டரி ஏர் பம்ப் ஒன்று கையில் இருக்கட்டும்.

படி 8: வீடு மாற்றும் நாள்

12, 13 சென்டிமீட்டரைத் தொட்டதும் பெரிய தொட்டிக்கு நேரம் வந்துவிட்டது. கண்ணாடியோரம் இங்கும் அங்கும் ஓயாமல் ஓடுவதும் அதற்கான அடையாளம். அந்தச் சமயத்தில் முடியாவிட்டால் பெரிய தொட்டி வைத்திருக்கும் ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள். கடலில் கொண்டுபோய் விடக் கூடாது. தொட்டியில் இருந்த மீன் கொண்டுபோகும் நோய் கடலில் இருப்பவற்றுக்கும் தொற்றலாம்.

பிடிக்க வலை எடுக்காதீர்கள், முதுகு முள் பூட்டிக்கொண்டு வலையில் சிக்கும். தெளிவான பிளாஸ்டிக் டப்பாவைத் தண்ணீருக்குள் சாய்த்து, உள்ளே ஒரு இறால் துண்டு போட்டு, காத்திருங்கள். நம்மை நம்பிப் பழகிய மீன் தானாகவே நீந்தி வந்துவிடும். தூக்கும்போது கர்ர் என்று உறுமும். கடைப் பையிலிருந்து இறக்கிய அன்றும் அது உறுமியதுதான், அன்று காதை வைத்துக் கேட்க வேண்டியிருந்தது. இப்போது அடுத்த அறைக்குக் கேட்கும்.