போட்டி வாரத்தில் சளி பிடித்தால்: மருந்துப் பொட்டலத்தைப் பிரிக்கும் முன்

மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரித் தோட்டப்புற ஊரில் ஓடிப் பழகும் பிள்ளை ஸ்டீராய்டு ஊசியைத் தேடிப் போவதில்லை. ஊக்கமருந்துச் சோதனையில் மாட்டிக்கொள்வது சளி மாத்திரையில், பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) வாங்கிய மஜுன் என்ற மூலிகை லேகியத்தில், கிளினிக்கில் ஏற்றிய டிரிப்பில். சிறுநீரில் தடைப்பொருள் இருந்தாலே அது மீறல். தெரியாமல் சாப்பிட்டது நிரூபணமானால் தண்டனை குறையலாம், மீறல் மறையாது. சுக்மா (மலேசிய விளையாட்டுப் போட்டி) தேர்வுக்குப் போகும் பிள்ளையின் பெற்றோரும் பயிற்றுநரும்தான் இதில் முதலில் விழிப்பாக இருக்க வேண்டும்.

பெட்டியின் முன்பக்கப் பெயரை நம்பாதீர்கள். பின்னால் சின்ன எழுத்தில் உள்ள மருந்துப் பெயரைப் படியுங்கள். சாதாரண பனடாலில் இருப்பது பாராசிட்டமால், அதற்குத் தடை இல்லை. மூக்கடைப்புக்குச் சாப்பிடும் கிளாரினேஸில் லோராட்டடின் 5 மி.கி., சூடோஎபெட்ரின் 120 மி.கி. இருக்கின்றன. முன்னதால் வம்பில்லை, பின்னதுதான் ஆபத்து. போட்டிக் காலத்தில் சிறுநீரில் ஒரு மில்லிக்கு 150 மைக்ரோகிராமைத் தாண்டினால் மீறல். போட்டிக் காலம் என்பது பொதுவாக முந்தின இரவு 11.59க்கே தொடங்கிவிடும். பயிற்சி நாளில் இதற்குத் தடை இல்லை. ஆனால் மருந்து வெளியேறும் வேகம் ஆளுக்கு ஆள் மாறும், மெதுவாகக் கரையும் மாத்திரை இன்னும் நேரம் எடுக்கும். போட்டி வாரத்தில் அதைத் தொடவே வேண்டாம். வெறும் லோராட்டடின், ஆவி பிடித்தல், சுக்குக் கஷாயம் போதும். கோடாலித் தைலம் தேய்ப்பதிலும் தவறில்லை.

கிளினிக்கில் 'பாத்தோக்' (இருமல்), 'செல்செமா' (சளி) என்று மட்டும் எழுதிய பிளாஸ்டிக் பொட்டலம் கொடுத்தால் வாங்கிக்கொண்டு கிளம்பாதீர்கள். "சாயா அத்லெட், நாமா உபாட் இனி அபா?" (நான் விளையாட்டு வீரர், இந்த மருந்தின் பெயர் என்ன?) என்று கேட்டு, மருந்தின் பெயரையும் மி.கி. அளவையும் எழுதி வாங்கிப் படம் எடுத்து வையுங்கள். வலிக்குத் தரும் டிரமடோல் 2024 ஜனவரி 1 முதல் போட்டிக் காலத்தில் தடை. தடைப்பொருள் பட்டியல் ஒவ்வொரு ஜனவரி 1-லும் புதிதாக நடைமுறைக்கு வருகிறது. போன வருடத் தாளை வைத்துப் பார்க்கக் கூடாது.

இழுப்பு உள்ள பிள்ளைகள் விஷயத்தில்தான் அதிகக் குழப்பம். சல்பியூட்டமால் பம்புக்கு அனுமதி உண்டு, ஆனால் அளவோடு: எந்த 8 மணி நேரத்திலும் 600 மைக்ரோகிராம், 24 மணி நேரத்தில் 1600. ஓர் அழுத்தம் 100 என்றால், 8 மணி நேரத்துக்கு 6 அழுத்தம். நெபுலைசரில் ஊற்றும் ஒரு குப்பி 2.5 மி.கி., அதாவது 25 அழுத்தத்துக்குச் சமம். ஒரே தடவையில் வரம்பு போய்விடும். அதே மருந்து சிரப்பாகவோ மாத்திரையாகவோ வந்தால் எந்நாளும் தடை. டெர்பியூட்டலின் எந்த வடிவிலும் தடை. இதற்காக இழுப்பு வந்த பிள்ளைக்கு மருந்தை மறுத்துவிடாதீர்கள். முதலில் மூச்சைக் காப்பாற்றுங்கள், மருத்துவரின் குறிப்பை வாங்கி உடனே சிகிச்சை விலக்குக்கு (தடை மருந்தைச் சிகிச்சைக்காக எடுத்துக்கொள்ளும் அனுமதிக்கு) விண்ணப்பியுங்கள். அவசரமில்லாத சிகிச்சை என்றால் போட்டிக்கு 30 நாளுக்கு முன்பே விண்ணப்பம் போக வேண்டும். மலேசியாவில் அதைக் கவனிப்பது ஊக்கமருந்துத் தடுப்பு நிறுவனமான அடாமாஸ்.

வீக்கத்துக்கும் வலிக்கும் தரும் சில ஸ்டீராய்டு மருந்துகளும் போட்டிக் காலத்தில் தடை. முட்டியில் போடும் டிரையம்சினொலோன் ஊசிக்குப் போட்டிக்கு முன் 10 நாள் இடைவெளி தேவை. அதையே இடுப்புத் தசையில் போட்டால் 60 நாள். பிரெட்னிசொலோன் மாத்திரைக்கு 3 நாள். தோலில் பூசும் ஸ்டீராய்டு களிம்புக்குத் தடை இல்லை.

டிரிப்பைப் பலர் மருந்தாகவே நினைப்பதில்லை. 12 மணி நேரத்தில் 100 மில்லிக்கு மேல் நரம்பில் ஏற்றுவது, உள்ளே இருப்பது வெறும் உப்புநீரானாலும், எந்நாளும் தடை. மருத்துவமனைச் சிகிச்சைக்கு விலக்கு உண்டு. களைப்புக்காகக் கடைத்தெருக் கிளினிக்கில் ஏற்றும் 500 மில்லி பாட்டிலுக்கு இல்லை.

மஜுன், ஜாமு, 'உடம்பு வலி போக்கும்' காப்ஸ்யூல் இவற்றில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருந்ததாக நம் சுகாதார அமைச்சு பலமுறை எச்சரித்திருக்கிறது. சாப்பிட்ட மறுநாளே வலி பறந்துவிட்டால் சந்தேகப்படுங்கள். 2014-இல் பூப்பந்து வீரர் லீ சோங் வெய்யின் சோதனை மாதிரியில் சிக்கியதும் இதே பொருள்தான். கார்டிசெப்ஸ் என்ற பூஞ்சை மருந்துக் காப்ஸ்யூல் வழியாகத் தெரியாமல் உள்ளே போனது என்பதை விசாரணைக் குழு ஏற்றது. அப்படியும் 8 மாதத் தடை, உலகப் போட்டி வெள்ளிப் பதக்கமும் போயிற்று. நம் நாட்டு மருந்தும் விதிவிலக்கு அல்ல: எட்டிக்கொட்டை சேர்த்த சித்த மருந்தில் ஸ்டிரிக்னின் இருக்கும், அதுவும் போட்டிக் காலத் தடைப்பொருள். 'மால்' (MAL) என்று தொடங்கும் மலேசிய மருந்துப் பதிவு எண் இல்லாததை வாங்கவே கூடாது. எண் இருந்தாலும் அது ஊக்கமருந்துச் சோதனைச் சான்றிதழ் ஆகாது.

சோதனைக்கு அழைத்தால் போக மறுப்பதும் மீறல். படிவத்தில் கடந்த 7 நாளில் சாப்பிட்ட மருந்து, சத்துப்பொடி எல்லாவற்றையும் கேட்பார்கள். அப்போதுதான் அந்தப் பொட்டலப் படங்கள் கைகொடுக்கும். பதற்றத்தில் பெயர் மறந்துபோகும், போனைத் திறந்து பார்த்து ஒன்று விடாமல் எழுதுங்கள்.